வட்டாரத்தைக் கேளுங்கள்

அன்புள்ள அக்கா,

நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். வயது 28. ஐந்து வருடமாக எங்கள் குடியிருப்புத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சனி, ஞாயிறுகளில் இலவசமாகப் பாடம் சொல்லிக்கொடுக்கிறோம். நாங்கள் ஒன்பது பேர். டெங்கு பரவும் காலத்தில் கான் (வடிகால்) துப்புரவு செய்வோம். வெள்ளம் வந்தால் சாப்பாட்டுப் பார்சல் கட்டுவோம். சிங்களம் வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்போம்.

என் பெரியம்மாவின் மகள் அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறாள். அந்த ஊர் மேயர் ஒரு பெண். முதலில் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் தொண்டராக இருந்தாராம். பிறகு நூலகக் குழு, நகரத் திட்டமிடல் குழு, நகர மன்றம், கடைசியில் மேயர். இன்றைக்கும் பகலில் வேறு வேலைக்குப் போகிறாராம். கேட்க ஆசையாக இருந்தது. நம் நாட்டில் இப்படி நடக்குமா?

போன மாதம் ஒரு கட்சிக்காரர் வீட்டுக்கு வந்தார். அடுத்த மாநகர சபைத் தேர்தலில் பெண்கள் ஒதுக்கீட்டில் என் பெயரைப் போடலாமா என்று கேட்டார். "நீங்க ஒண்டும் செய்யத் தேவையில்ல, பேர மட்டும் தாங்க" என்றார். அன்றிலிருந்து அம்மா அழுகிறார். தொண்டு செய்கிறவர்கள் அரசியலுக்குப் போனால் கெட்டுப்போவார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நான் போகலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

போகலாம். போக வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் அந்த மனிதர் காட்டிய வாசலால் போகாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் உங்கள் பெரியம்மா மகளின் ஊரைப் பார்ப்போம். அமெரிக்காவின் சின்ன ஊர்களில் நூலகக் குழு, பூங்காக் குழு, திட்டமிடல் குழு என்று பல குழுக்கள் உண்டு. அவற்றில் உட்கார்பவர்கள் அநேகமாக ஊர்வாசிகள். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. தீயணைப்புப் படையே தொண்டர்களால் நடக்கும் ஊர்கள் ஏராளம். பல சின்ன ஊர்களில் மன்றத் தேர்தல் வாக்குச் சீட்டில் கட்சியின் பெயரே இருக்காது. அதனால் ஒருவர் பள்ளிக்கூட வாசலில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் சில வருடம் நின்று, கூட்டம் எப்படி நடக்கிறது, காசு எங்கிருந்து வருகிறது, அயலவர் எதற்குச் சண்டை பிடிக்கிறார் என்றெல்லாம் பழகிக்கொண்டு மேலே போக முடிகிறது. அந்தப் பெண் மேயராகும் நாளில் அவருக்கு அந்த ஊரின் குழாய்கூடத் தெரிந்திருக்கும்.

நம்மிடம் அந்தப் படிக்கட்டின் கீழ்ப்படி இருக்கிறது. சனசமூக நிலையம், மரண உதவிச் சங்கம், மாதர் சங்கம், கோயில் தொண்டர் சபை, உங்கள் ஒன்பது பேர். மேல்படியும் இருக்கிறது. நடுவில்தான் படிகள் உடைந்து கிடக்கின்றன. அந்த இடைவெளியைக் கட்சிகள் நிரப்பிக்கொண்டன.

ஆனால் நம் ஆட்கள் இந்தப் படியை ஏறாதவர்கள் என்று மட்டும் நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த கதை உங்களுக்குத் தெரியும். அது பிறந்த கதை தெரியுமா? 1933இல் க. மு. செல்லப்பா என்ற ஒருவர் தன் வீட்டில் புத்தகங்களை வைத்து ஊராருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். தொண்டுதான், வேறெதுவும் இல்லை. அடுத்த வருடம் ஊர்ப் பெரியவர்கள் சிலர் சேர்ந்து ஆஸ்பத்திரி வீதியில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்தார்கள். 844 புத்தகங்கள், முப்பது வரையான பத்திரிகைகளும் சஞ்சிகைகளும். 1935இல் அதை யாழ்ப்பாண நகர சபை பொறுப்பேற்றது. 1949இல் யாழ்ப்பாணம் மாநகர சபையானது. 1950களில் புதிய கட்டடத்துக்கு அடிக்கல் வைத்தார்கள். காசு சேர்க்கக் களியாட்டவிழாக்கூட நடத்தினார்கள். 1959இல் அன்றைய மாநகர முதல்வர் (மேயர்) அல்பிரட் துரையப்பா அதைத் திறந்துவைத்தார்.

ஒரு மனிதரின் வீட்டு அலுமாரியிலிருந்து அந்த வெள்ளைக் கட்டடம் வரை 26 வருடங்கள். இதில் என்னை எப்போதும் நெகிழவைப்பது 1935தான். தான் பெற்ற பிள்ளை போன்ற ஒன்றை ஒரு சபையிடம் கொடுப்பது லேசான காரியமா? "நாங்கள் நன்றாகத்தானே நடத்துகிறோம், சபைக்காரர் கெடுத்துவிடுவார்கள்" என்று அன்றைக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். கொடுத்திருக்காவிட்டால் அது செல்லப்பாவின் ஆயுளோடு முடிந்திருக்கலாம். கொடுத்ததால் அதற்கு வரிப்பணம் வந்தது, சம்பளத்துக்கு நூலகர் வந்தார், கேட்கும் உரிமை ஊருக்கு வந்தது. 1981இல் எரித்த பிறகும் அது மறுபடி எழுந்து நிற்கிறது என்றால், அது ஊரின் சொத்து என்று எழுதப்பட்டிருந்ததும் ஒரு காரணம்.

உங்கள் சனி, ஞாயிறு வகுப்பை நினைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். ஒன்பது பேரில் மூன்று பேர் வெளிநாடு போனால், இரண்டு பேர் கல்யாணம் கட்டிக்கொண்டு வத்தளைப் பக்கம் போனால், அந்தப் பிள்ளைகளுக்கு என்ன ஆகும்?

எனக்கு இது புரிந்தது 2016 மே மாத வெள்ளத்தில். களனி ஆறு பெருகி ஆற்றங்கரைக் குடியிருப்புகள் மூழ்கின. நாங்களும் உங்களைப் போலத்தான், பார்சல் கட்டினோம், வள்ளத்தில் ஏற்றினோம், மேல்மாடியில் நின்றவர்களுக்கு எட்டிக் கொடுத்தோம். நான்காம் நாள் தண்ணீர் வடிந்த வீடு ஒன்றில் சேறு அள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா கேட்டார்: "சாப்பாடு தந்தது பெரிய உதவி பிள்ள. ஆனா சின்ன மழைக்கும் இந்த ஒழுங்கையில மட்டும் தண்ணி நிக்குதே, அது ஏன்?" என்னிடம் பதில் இல்லை. ஆறு பெருகுவது வேறு, அந்த ஒழுங்கையில் தண்ணீர் நிற்பது வேறு என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பதிலைத் தேடி ஒரு உள்ளூராட்சி அலுவலகத்துக்குப் போனேன். மேசை மேசையாக அனுப்பினார்கள். மூன்றாம் முறை போனபோது ஓய்வுபெறும் வயதில் இருந்த ஒரு எழுதுவினைஞர் இரக்கப்பட்டு ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். அந்தக் கானைப் பற்றிப் பல வருடங்களாகக் கடிதங்கள் வந்திருந்தன. ஒன்றில் திகதி இல்லை. ஒன்றில் ஒழுங்கையின் இலக்கம் இல்லை. ஒன்று சரியாக இருந்தது, அது வந்து சேர்ந்தபோது அந்த வருட வரவு செலவுத் திட்டம் நிறைவேறி முடிந்திருந்தது. அடுத்த வருடம் யாரும் திரும்பக் கேட்கவில்லை. நாங்கள் அத்தனை பேர் அத்தனை நாள் சேறு அள்ளினோம். அந்தக் கோப்பைப் பின்தொடர ஒருவர் இருந்திருந்தால் அந்த ஒழுங்கையில் பாதிச் சேறு இருந்திருக்காது. இதை நினைத்தால் இன்றைக்கும் மனது பொறுக்கவில்லை.

சரி, இப்போது அந்தக் கட்சிக்காரரிடம் வருகிறேன்.

நம் உள்ளூராட்சித் தேர்தல் 2018 முதல் கலப்பு முறையில் நடக்கிறது. ஏறக்குறைய 60 வீதம் வட்டாரத்தில் (வார்டில்) நேராக வென்று வருகிறவர்கள், 40 வீதம் கட்சி பெற்ற வாக்குகளுக்கு ஏற்பக் கூடுதல் பட்டியலிலிருந்து வருகிறவர்கள். பெண்களுக்கு 25 வீதம் என்று சட்டம் வந்தது மிகப் பெரிய விஷயம். அதற்கு முன் உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. ஒரே தேர்தலில் 20 வீதத்தைத் தாண்டினார்கள். ஆனால் வேட்பு மனுவில் வட்டார வேட்பாளர்களில் பெண்கள் 10 வீதம் இருந்தால் போதும், கூடுதல் பட்டியலில் பாதி பெண்கள் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதனால் கட்சிகள் பெண்களைப் பட்டியலில் நிரப்பிவிட்டு, வெல்லக்கூடிய வட்டாரங்களை ஆண்களுக்கு வைத்துக்கொள்கின்றன. பட்டியலில் இருந்து யார் உள்ளே போவது என்பதைத் தீர்மானிப்பது கட்சிச் செயலாளர்.

"பேர மட்டும் தாங்க" என்று உங்களிடம் சொன்னதற்குப் பொருள் இதுதான். உங்கள் ஐந்து வருட உழைப்பை அவர் கேட்கவில்லை. கொட்டாஞ்சேனையில் உங்களை எத்தனை வீட்டுக்குத் தெரியும் என்று கேட்கவில்லை. அப்படி உள்ளே போனால் நீங்கள் செயலாளருக்குக் கடமைப்பட்டவர். வட்டாரத்தில் நின்று வென்றால் அந்த ஒழுங்கைக்குக் கடமைப்பட்டவர். பட்டியலில் வந்து அருமையாக வேலை செய்த பெண்களும் இருக்கிறார்கள், அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் தங்களுக்கென்று ஒரு வட்டாரம் இல்லாமல், ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு மடங்கு போராட வேண்டியிருந்தது என்பதைச் சொல்கிறேன்.

ஆகவே அவர் மறுபடி வந்தால் மரியாதையாகச் சொல்லுங்கள்: "அண்ணா, எனக்கு வட்டாரம் தாங்க." அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள், உங்களுக்கு வேண்டிய பதில் அதில் கிடைத்துவிடும்.

கட்சியே வேண்டாம், தனியாக நிற்கிறேன் என்று தோன்றலாம். அதில் ஒரு சிக்கல் உண்டு. நம் உள்ளூராட்சித் தேர்தலில் தனி ஒருவர் ஒரு வட்டாரத்தில் மட்டும் போட்டியிட முடியாது. சுயேச்சைக் குழுவாக எல்லா வட்டாரங்களுக்கும் ஆள் போட்டு, கூடுதல் பட்டியலும் சேர்த்து மனுக் கொடுக்க வேண்டும். கொழும்பு மாநகர சபையில் 117 உறுப்பினர்கள். உங்கள் ஒன்பது பேரால் அது ஆகாது. ஒரு சின்னப் பிரதேச சபை என்றால் முடியும், சில ஊர்களில் செய்தும் காட்டியிருக்கிறார்கள். தொண்டர் ஒருவர் தன் ஒழுங்கைக்காக மட்டும் நிற்க இடம் கொடுக்காத இந்த முறை மாற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மேயர் பதவி இதற்கும் அப்பால். ஒரு கட்சிக்கு ஐம்பது வீதத்துக்கு மேல் ஆசனம் இருந்தால் அந்தக் கட்சி பெயர் சொல்லும். இல்லாவிட்டால் உறுப்பினர்கள் வாக்களிப்பார்கள். 2025 ஜூனில் கொழும்பில் அப்படித்தான் நடந்தது. இரகசிய வாக்கெடுப்பில் 61க்கு 54 என்று விராய் கெலி பல்தசார் தெரிவானார், 2018இல் வந்த ரோசி சேனாநாயக்கவுக்குப் பிறகு இரண்டாவது பெண். இன்னொன்றும் உங்களுக்குப் பிடிக்கும். கொழும்பின் முதல் தெரிவு செய்யப்பட்ட மேயர் ஒரு தமிழர், 1937இல் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து. அவருடைய மனைவி நேசம் சரவணமுத்து அதற்கும் முன்னால், 1932இலேயே, கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்கு, அதாவது அன்றைய சட்டசபைக்கு, தெரிவானவர். கொழும்பு வடக்கு என்றால் உங்கள் பக்கம்தான், தங்கை.

இனி அம்மா.

அவரோடு வாதாட வேண்டாம். அவர் ஏன் அழுகிறார் என்று எனக்குத் தெரிகிறது, அந்த வயதுள்ள தமிழர் எல்லோருக்கும் தெரியும். அந்த நூலகத்தைத் திறந்துவைத்த துரையப்பா 1975 ஜூலை 27 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். 1998இல் யாழ்ப்பாணத்தில் பல வருடங்களுக்குப் பிறகு மாநகர சபை வந்தது. முதல்வரான சரோஜினி யோகேஸ்வரனை மே 17 அன்று அவர் வீட்டிலேயே கொன்றார்கள். அடுத்து அந்தக் கதிரையில் உட்கார்ந்த பொன். சிவபாலன் செப்டம்பரில் குண்டுவெடிப்பில் இறந்தார். ஒரே வருடத்தில் இரண்டு முதல்வர்கள். குப்பைக்கும் தெருவிளக்குக்கும் பொறுப்பான பதவிக்காக. நம் அம்மாமார் "பொதுவேலை செய், ஆனா அரசியல் வேண்டாம்" என்று சொல்லத் தொடங்கியது சும்மா இல்லை. இன்றைக்கு அந்தக் காலம் இல்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள், ஆனால் அவர் பயத்தைச் சின்னதாக்கிச் சொல்ல வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவருக்குத் தெரிந்த கதைகள் எனக்குத் தெரிந்ததைவிடக் கூடவாக இருக்கும்.

கெட்டுப்போவார்கள் என்று நண்பர்கள் சொல்வதைப் பற்றி. தொண்டு செய்யும்போது உங்கள் நேரத்தையும் உங்கள் காசையும் கொடுக்கிறீர்கள், பிழைத்தாலும் யாரும் கணக்குக் கேட்பதில்லை. சபையில் செலவாவது சோலைவரி கட்டும் எல்லோருடைய காசு. அங்கே உங்களுக்கு நன்றி கிடைக்காது, கேள்விதான் கிடைக்கும். நான் பார்த்த நல்ல தொண்டர்கள் சிலர் அதைத் தாங்கமுடியாமல்தான் உடைந்தார்கள். "இவ்வளவு செய்தேனே, என்னையே கேட்கிறார்களே" என்று கோபப்பட்டார்கள். கோபம் வந்தபின் மறைக்கத் தொடங்கினார்கள். அதனால் இப்போதே பழகுங்கள். உங்கள் குழுவின் வரவு செலவை மாதாமாதம் எழுதி, வகுப்பு நடக்கும் இடத்துச் சுவரில் ஒட்டுங்கள். யாராவது சந்தேகப்பட்டுக் கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் சொல்லுங்கள்.

அடுத்த தேர்தலுக்கு இன்னும் காலம் இருக்கிறது. அதுவரை உடைந்த நடுப்படிகளை நீங்களே போட்டுக்கொள்ளலாம். உங்கள் வட்டார உறுப்பினர் யார், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் யார், குப்பை லொறி எந்த நாளில் வருகிறது, எந்த நாளில் வராமல் விடுகிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஒரே ஒரு கானைத் தேர்ந்தெடுங்கள். திகதி, ஒழுங்கை இலக்கம், படம் எல்லாம் வைத்துக் கடிதம் கொடுங்கள், பிரதியில் கிடைத்தது என்று முத்திரை வாங்குங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். தமிழிலேயே கேட்கலாம், 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வருடக் கடைசியில் வரவு செலவுத் திட்டத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். போய்ப் பாருங்கள். முதல் தடவை ஒன்றும் விளங்காது, எனக்கும் விளங்கவில்லை. இரண்டாம் வருடம் உங்கள் கானுக்குக் காசு இருக்கிறதா இல்லையா என்று தேடத் தெரிந்துவிடும்.

அப்புறம், சபைக் கூட்டத்தைப் போய்ப் பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஒன்பது பேரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், முடிந்தால் அம்மாவையும். கூட்டத் திகதியை நான் கேட்டு எழுதுகிறேன். மாநகர சபைக் கட்டடத்தின் விகாரமகாதேவி பூங்காப் பக்கத்து வாசலில் நிற்பேன்.

அன்புடன்,
அக்கா