மூளை வயது 80 காட்டினால் பயப்படாதீர்கள்

பழைய நின்டெண்டோ டிஎஸ் லைட் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் பிரெய்ன் ஏஜ் என்ற மூளைப் பயிற்சி விளையாட்டை ஆடுகிறீர்கள், திரையில் எழுதும் 4-ஐ 9 என்றும் 8-ஐ 6 என்றும் படிக்கிறது, மூளை வயது 80 என்று வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். 80தான் அந்த விளையாட்டு காட்டும் மிக மோசமான வயது, 20தான் சிறந்தது. அதனால் உங்கள் மூளையைச் சந்தேகிக்கும் முன் திரையைப் பாருங்கள்.

அது இன்றைய போன் திரை மாதிரி இல்லை. இரண்டு மெல்லிய அடுக்குகள், அழுத்தினால் ஒன்றையொன்று தொடும், ஒரு நேரத்தில் ஒரு புள்ளிதான் தெரியும். இந்த விளையாட்டில் கருவியைப் புத்தகம் போல நிமிர்த்திப் பிடிப்பதால் எழுதும்போது உள்ளங்கை திரையில் படும். அப்போது கருவியோடு வரும் பேனாவின் முனைக்கும் கைக்கும் நடுவில் எங்கோ கோடு இழுக்கும். கையைத் தூக்கி எழுதிப் பாருங்கள்.

அப்படியும் சரியாகவில்லை என்றால் விளையாட்டை விட்டு வெளியே வந்து, கருவியின் அமைப்புகளில் திரை அளவீட்டை, அதாவது தொடும் இடத்தைத் திரை சரியாக அறியும்படி செய்வதை, திரும்பச் செய்யுங்கள். நகத்தால் வேண்டாம், பேனாவால். திரை ஓரத்தில் தூசி அடைத்திருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். இடது கைக்காரர் என்றால் அதையும் விளையாட்டில் சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம், நிறத்தை வாயால் சொல்லும் சோதனையில் 'ப்ளூ' என்பது கருவிக்குக் கேட்காமல் போவது பலரும் சொல்லும் குறை. மின்விசிறியை நிறுத்திவிட்டு ஆடுங்கள். இல்லையென்றால், இப்போது பேச முடியுமா என்று விளையாட்டு கேட்கும்போது முடியாது என்று சொல்லிவிடுங்கள், வேறு சோதனை தரும். நான் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறேன்.