தொங்குபவனின் கைகள்

மதிப்பிற்குரிய ஐயா,

என் கணவர் கனடாவில் இருக்கிறார். ஸ்பொன்சர் விண்ணப்பம் போட்டு 14 மாதமாகிறது. நான் அம்மாவோடு வெள்ளவத்தையில். தினமும் விடியக் காலையில் குறி பார்க்கிற டாரோட் படச் சீட்டு ஒன்று எடுத்துப் பார்ப்பேன். போன 30 நாளில் 3 தடவை ஒரே சீட்டு வந்துவிட்டது, 12ஆம் இலக்கம். தமிழில் தேடினால் 'தூக்கிலிடப்பட்டவன்' என்று போட்டிருக்கிறது. ஒரு நாள் தலைகீழாகவும் வந்தது. காரியம் கைகூடாது என்றா சொல்கிறது? மேற்படிப்புக்கு வந்த இடத்தையும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பயமாக இருக்கிறது.

ச., வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களைப் பயப்படுத்தியது அந்த மொழிபெயர்ப்பு. தூக்கு என்றதும் நமக்குக் கழுத்துத்தான் நினைவுக்கு வரும். சீட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள், கயிறு வலது கணுக்காலில் இருக்கிறது. 'தொங்குபவன்' என்று சொன்னாலே போதும்.

உங்களிடம் இருப்பது 1909இல் இலண்டனில் வெளிவந்த சீட்டுக்கட்டு என்று நினைக்கிறேன். பெரும்பாலும் எல்லோரும் வைத்திருப்பது அதுதான். ஆர்தர் எட்வர்ட் வெயிட் திட்டமிட, பமீலா கோல்மன் சிமித் வரைந்தது. அவன் தொங்குகிற மரத்தில் இலை துளிர்த்திருக்கிறது, பட்ட மரமல்ல. இடது கால் மடிந்து வலது காலின் பின்னால் குறுக்கே போகிறது. தலையைச் சுற்றி மஞ்சள் ஒளிவட்டம். முகத்தில் வேதனை இல்லை. வெயிட்டும் இதையேதான் எழுதினார்: உயிர் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது, ஆனாலும் அது உயிர், மரணமல்ல.

இந்தப் படத்துக்குக் கசப்பான பழைய கதையும் உண்டு. இடைக்கால இத்தாலிய நகரங்களில் துரோகிகளை இப்படித் தலைகீழாகத் தொங்குவதாகச் சுவரில் தீட்டி அவமானப்படுத்துவார்கள். பழைய இத்தாலியப் பட்டியல்களில் இந்தச் சீட்டின் பெயரே 'துரோகி'. 1781இல் கூர் த ஜெபலின் என்ற பிரெஞ்சு அறிஞர், அச்சடித்தவர்கள் படத்தைப் புரட்டிவிட்டார்கள், இவன் ஒற்றைக் காலில் நிதானமாக நிற்கிற 'விவேகம்' என்று வாதாடினார். அது தவறு. ஆனால் தலைகீழைக் கண்டதும் நிமிர்த்திவிடத் தவிக்கிற மனம் அவருக்கும் இருந்திருக்கிறது. நமக்கு அந்தத் தவிப்பு அவ்வளவு தேவையில்லை. தலையால் நடந்து கயிலைக்குப் போன காரைக்கால் அம்மையாரைத் தெரிந்தவர்கள் நாம். அது இந்தச் சீட்டின் வரலாறல்ல, நாம் கொண்டுவருகிற நினைவு. சொந்தப் பொருள் அப்படித்தான் பிறக்கிறது. எது சீட்டினுடையது, எது என்னுடையது என்று மட்டும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

3 தடவை வந்ததைப் பற்றி. 78 சீட்டில் தினமும் ஒன்று எடுத்துத் திரும்பச் சேர்த்துக் கலைத்தால், 30 நாளில் ஏதோ ஒரு சீட்டாவது 3 தடவை வர 100க்கு 40 அளவில் வாய்ப்பிருக்கிறது. வேறொன்று அப்படி வந்திருந்தால் அதைப் பற்றி எழுதியிருப்பீர்கள். கலைப்பதிலும் கோளாறு இருக்கலாம். கடற்கரைப் பக்கத்து ஈரக் காற்றில் அட்டை ஒன்றோடொன்று ஒட்டும், கையில் வைத்து மேலோட்டமாகக் கலைத்தால் நேற்றுச் செருகிய சீட்டு அக்கம்பக்கத்திலேயே கிடக்கும். மேசையில் துணி விரித்து, எல்லாவற்றையும் கவிழ்த்துப் பரப்பி, இரண்டு கையாலும் ஒரு நிமிடம் நன்றாகத் துழாவுங்கள். அப்படிச் செய்தால் பாதிச் சீட்டுகள் தலைகீழாகத் திரும்பும், ஆகவே அன்று தலைகீழாக வந்ததற்குத் தனிப் பொருள் தேட வேண்டாம். நிமிர்த்தி வைத்தே வாசியுங்கள்.

இனி வாசிக்கும் விதம். சிறு விளக்கப் புத்தகத்தை மூடி வையுங்கள், இணையத்தையும்தான். ஐந்து நிமிடம் படத்தை மட்டும் பார்த்து, கண்ணில் பட்டதை மூன்று வரி எழுதுங்கள். 'நம்பிக்கை', 'தியாகம்' என்ற சொற்கள் வேண்டாம். 'மஞ்சள் சப்பாத்து', 'சிவப்புக் கால்சட்டை' என்று எழுதுங்கள். பொருளை முதலில் படித்தவர்கள் படத்தைப் பார்ப்பதே இல்லை. நான் கண்ட தவறுகளில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்குகின்றன. பிறகு, கட்டுண்டது எது, கட்டில்லாதது எது என்று இரண்டு நிரல் போடுங்கள்.

அந்த நிரலில் கைகளை எங்கே எழுதுவீர்கள்? கைகள் முதுகுக்குப் பின்னால் இருக்கின்றன, ஆனால் அவற்றில் கயிறு எதுவும் வரையப்படவில்லை. கட்டியிருக்கிறதா, அவனே கட்டிக்கொண்டு இருக்கிறானா என்பதைப் படம் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியதும் இதுதான். விண்ணப்பம் கணுக்கால்; அது உங்கள் கையில் இல்லை. விசா கிடைக்குமா என்பது சீட்டுக்குத் தெரியாது, அதற்கு விண்ணப்ப இலக்கத்தைப் போட்டு நிலையைப் பார்ப்பதே வழி. ஆனால் படிப்பை விட்டது கயிற்றாலா, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டதாலா? பதில் எனக்குத் தெரியாது, நீங்கள்தான் எழுத வேண்டும்.

எழுதித் திகதி போட்டபின், இந்தக் கேள்விக்குத் திரும்பச் சீட்டு எடுக்காதீர்கள். பிடித்த சீட்டு வரும்வரை எடுத்துக்கொண்டே போனால் கடைசியில் பிடித்தது வரும், ஆனால் அதை நம்ப முடியாது. விண்ணப்பத்தில் ஏதாவது அசைந்தால், அல்லது அந்தப் படிப்பிடம் இன்னும் திறந்திருக்கிறதா என்று நீங்கள் கேட்டுப் பதில் வந்தால், அன்றைக்குக் கட்டைத் திறவுங்கள்.