அம்மாவின் பிட்யூட்டரி கட்டி: ஆபரேஷனுக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை

கேள்வி: அம்மாவுக்கு வயது 52. பக்கவாட்டுப் பார்வை மங்கி, கதவு நிலையில் அடிக்கடி இடித்துக்கொள்கிறார். எம்.ஆர்.ஐ.யில் பிட்யூட்டரியில் 3 செ.மீ. கட்டி. மூக்கு வழியாக ஆபரேஷன் என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவரோ, "கதிர்வீச்சிலேயே கரைத்துவிடலாம், ஆஸ்பத்திரியில் நானே பேசித் தருகிறேன்" என்கிறார். எதை நம்புவது?

பதில்: முதலில் ஒரு ஆறுதல். பிட்யூட்டரியில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. அந்தச் சுரப்பி மூக்குக்குப் பின்னால், மண்டையோட்டின் அடியில் ஒரு சிறு குழிக்குள் இருக்கிறது. அதற்குச் சற்று மேலேதான் இரண்டு கண்ணின் நரம்புகளும் சந்திக்கின்றன. கட்டி மேல்நோக்கி வளர்ந்து அங்கே முட்டினால் பக்கவாட்டுப் பார்வைதான் முதலில் போகும். எண்டோஸ்கோப்பை (கேமரா பொருத்திய மெல்லிய குழாய்) மூக்கு வழியாகச் செலுத்திக் கட்டியை எடுத்தால் அழுத்தம் குறையும். மண்டையைத் திறக்க வேண்டாம்.

அந்தத் தெரிந்தவரை வாசலோடு நிறுத்துங்கள். கதிர்வீச்சு கட்டியை உடனே கரைக்காது. வளர்ச்சியை நிறுத்தவே மாதங்கள், சில சமயம் வருடங்கள் ஆகும். நரம்பை அழுத்தும் கட்டிக்கு அதிகக் கதிர் கொடுத்தால் பார்வையே போகலாம். ஸ்கேன் சென்டர் வாசலில் ஃபைலை வாங்கிப் பார்த்துவிட்டு "பேக்கேஜ்" பேசுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அவர்கள் அனுப்பும் இடம் கமிஷன் கிடைக்கும் இடம். காப்பீட்டு அட்டை இருந்தால், ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் நீங்களே போய்க் கேளுங்கள்.

ஆபரேஷனுக்குத் தேதி வாங்கும் முன் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: புரோலாக்டின் பார்த்தார்களா? அந்த ஹார்மோனைச் சுரக்கும் கட்டி என்றால் பெரும்பாலும் கேபர்கோலின் மாத்திரையிலேயே சுருங்கிவிடும், பார்வை மங்கியிருந்தாலும்கூட. அளவு 200 ng/mL-ஐத் தாண்டினால் சந்தேகம் அந்தப் பக்கம்தான். லேசாகக் கூடியிருந்தால் அது வேறு கட்டியின் அழுத்தத்தாலும் வரலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. கட்டி பெரிதாக இருந்து ஹார்மோன் அளவுக்கு மீறிப் போனால், சில லேப் முறைகளில் எண் குறைவாகவே காட்டும். ரத்த மாதிரியை நீர்க்கச் செய்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஒரு டெஸ்ட் இல்லாமலே தடித்தடியான ஃபைல்கள் என் மேஜைக்கு வருகின்றன. ஒரு ரத்தப் பரிசோதனையை எழுதித் தர எத்தனை நேரம் ஆகும்? கார்டிசால், தைராய்டு ஹார்மோன்களையும் அதோடேயே பார்த்துவிட வேண்டும்.

ஆபரேஷன் முடிந்த பிறகு சில வாரங்கள் அம்மா மூக்கைச் சிந்தக் கூடாது. குனியும்போது ஒரு பக்க மூக்கிலிருந்து தண்ணீர் போலத் தெளிவாகச் சொட்டினால் சளி என்று விட்டுவிடாதீர்கள். அது மூளையைச் சுற்றியுள்ள திரவமாக இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்து வாருங்கள்.