சிங்கப்பூரில் இருந்துகொண்டு ஆன்லைனில் பாட்டு கற்பதும் சொல்லித்தருவதும் சரிவருமா?

தொடக்கநிலை மூன்றில் படிக்கும் மகளைச் சென்னையில் ஒரு டீச்சரிடம் ஆன்லைனில் கர்நாடக வாய்ப்பாட்டுக்குச் சேர்க்கலாமா, நீங்களும் வீட்டிலிருந்தே இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு அடிப்படைப் பாடம் சொல்லித்தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே முடியும். நான் இங்கே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் உட்கார்ந்துதான் சென்னையில் இருக்கும் என் டீச்சரிடம் கற்கிறேன், பிள்ளைகளுக்கு ஆன்லைனில் சொல்லியும் தருகிறேன். ஆனால் நேர் வகுப்பில் நடப்பதை அப்படியே திரைக்குக் கொண்டுவந்தால் ஓடாது. காரணம் ஒன்றுதான், ஆன்லைனில் இரண்டு பேர் சேர்ந்து பாட முடியாது.

ஏன் என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நேர்க்கோட்டில் சுமார் 2,900 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும், அதனால் தூரத்தால் மட்டும் வரும் தாமதம் 15 மில்லிசெகண்டுக்குப் பக்கம்தான். கேபிள் சுற்றிப் போவதால் கொஞ்சம் கூடும். பெரும்பகுதி வருவது வைஃபை, புளூடூத் இயர்போன், செயலி சத்தத்தைச் சுருக்கி அனுப்பி மறுபடி விரிக்கும் நேரம், இவற்றால்தான். ஆகவே சிங்கப்பூருக்குள்ளேயே டீச்சர் தெம்பனிஸிலும் மாணவி ஜூரோங்கிலும் இருந்தாலும் இதே பிரச்சினை உண்டு. முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், ஒரு அட்சரத்துக்கு (தாளத்தின் ஒரு எண்ணிக்கைக்கு) ஒரு வினாடி என்று வைத்துப் பாருங்கள், நான்கு மடங்கு வேகமான மூன்றாம் காலத்தில் ஒரு ஸ்வரத்துக்குக் கால் வினாடிதான் கிடைக்கும். டீச்சர் போடும் தாளம் போய்ச் சேரவும், பிள்ளையின் குரல் திரும்பி வரவும் அதைவிட அதிக நேரம் பிடித்தால், சரியாகப் பாடும் பிள்ளையும் ஒரு ஸ்வரம் பின்தங்கியதாகத்தான் கேட்கும். அதைப் பார்த்து டீச்சர் வேகத்தைக் குறைக்க, பிள்ளையும் குறைக்க, காலப்பிரமாணமே, அதாவது பாட்டின் சீரான வேகமே, இழுத்துக்கொண்டு போய்விடும்.

அதனால் டீச்சர் ஒரு வரி பாடிவிட்டு மைக்கை அணைத்துக்கொள்ளவேண்டும், பிள்ளை தானே தாளம் போட்டுக்கொண்டு தனியாகத் திருப்பிப் பாடவேண்டும். ஆன்லைன் வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்ததே இதுதான். ஆறு பேர் சேர்ந்து பாடும் வகுப்பில் ஒவ்வொரு ஸ்வரமும் இரட்டையாக வரும் ஜண்டை வரிசையின் இரண்டாவது ஸ்வரத்தை ஒரு பிள்ளை அழுத்துகிறாளா, வெறுமனே நீட்டிவிட்டுப் போகிறாளா என்று பிரித்துக் கேட்பது கஷ்டம். இங்கே ஒரே ஒரு குரல்தான், எல்லாம் துல்லியமாகக் கேட்கும்.

ஆனால் துல்லியமாகக் கேட்கவேண்டுமானால் முதலில் செயலியைச் சரிசெய்யவேண்டும். வீடியோ கால் செயலிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. விட்டுவிட்டு வருவது பேச்சு, ஒரே மாதிரி நீள்வது மின்விசிறிச் சத்தம் என்பது அவற்றின் கணக்கு. பிள்ளை மத்யஸ்தாயி ஸட்ஜத்தில், அதாவது நடு 'ஸ'வில், கார்வை கொடுத்து நீட்டி நிற்பாள், இரண்டு மூன்று வினாடியில் அவள் குரல் அறையை விட்டு நடந்து போவதுபோல் தேய்ந்துகொண்டே போகும், ஆனால் வாய் திறந்தபடி இருப்பது திரையில் தெரியும். பின்னால் சுருதி தரும் தம்பூராவோ சுத்தமாகக் காணாமலே போய்விடும். சுருதி கேட்காமல் சுருதி சேர்ந்திருக்கிறதா என்று எந்த டீச்சராலும் சொல்ல முடியாது. ஜூமில் இசைக்கலைஞர்களுக்கென்றே 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற அமைப்பு இருக்கிறது. இரண்டு பக்கமும் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், கூகுள் மீட் என்றால் இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அப்புறம் ஒயர் வைத்த இயர்போன். சுருதிப்பெட்டியோ தம்பூரா செயலியோ பிள்ளையின் பக்கத்தில், வேறொரு கருவியில், அவளுடைய கட்டையில் (குரலுக்கு ஏற்ற சுருதியில்) ஓடட்டும். டீச்சர் பக்கத் தம்பூராவை நம்பி அவள் பாடவேண்டாம்.

நேரத்தையும் முதலிலேயே பேசிவிடுங்கள். நாம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். சென்னையில் மாலை ஏழு என்றால் இங்கே ஒன்பதரை, பள்ளி விட்டுத் துணைப்பாடமும் முடித்து வந்த பிள்ளைக்கு அதற்குமேல் குரலும் எழும்பாது, அக்கம்பக்கத்து வீடுகளும் தூங்கப்போகும் நேரம். சனி, ஞாயிறு காலை ஒன்பது மணி கிடைத்தால் விடாதீர்கள். அங்கே ஆறரை, பாடுகிறவர்கள் பெரும்பாலும் எழுந்து சாதகம் (பாட்டுப் பயிற்சி) செய்யும் வேளைதான்.

நீங்கள் சொல்லித்தருவதைப் பற்றி: ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை, அரை மணி நேரம் போதும். பாடத்தைப் பாடிப் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், வார நடுவில் பிள்ளை பாடி அனுப்புவதைக் கேட்டுப் பதில் சொல்லுங்கள். உண்மையான கற்றல் பாதிக்குமேல் அங்கேதான் நடக்கிறது. ஆன்லைன்தானே என்று கட்டணத்தைக் குறைக்கச் சொல்வார்கள். குறைக்காதீர்கள், உங்கள் வேலை கூடத்தான் செய்கிறது. ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைத் திரை முன்னால் உட்கார வைக்கவேண்டாம் என்பது என் கருத்து. அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் தாளம் தட்டிக் காட்ட ஒரு ஆள் தேவை. 1949-இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் முதல் வீட்டில் சொல்லித்தரும் டீச்சர்கள் வரை இங்கேயே நேரில் கற்க வழி இருக்கிறது.

உங்கள் மகளுக்கு ஆன்லைனில் கிடைக்காத அந்த ஒன்றை, சேர்ந்து பாடுவதை மட்டும் நீங்கள் இங்கே தேடிக் கொடுக்கவேண்டும். நவராத்திரிக் கொலுவுக்குக் கூப்பிட்டால் அழைத்துப் போங்கள், கோயிலில் பஜனை என்றால் உட்கார வையுங்கள், தெரிந்த இரண்டு பிள்ளைகளை மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரச்சொல்லி ஒரே சுருதியில் மலஹரி ராகத்தில் ஒரு கீதம் (ஆரம்பப் பாட்டு) பாட வையுங்கள், தாளம் நீங்கள் போடலாம்.