ஜப்பானிலிருந்து ஃபோர்ஜ்டு பிளேட் அயர்ன் வாங்கி வரலாமா? ஹாண்டிகேப் 14

கேள்வி கேட்டவர் சென்னையில் கோல்ஃப் ஆடுகிறார், ஹாண்டிகேப் (ஆட்டத்திறனைக் காட்டும் எண், குறையக் குறைய நல்லது) 14, வேலை விஷயமாக ஒசாகா வருகிறார். திரும்பும்போது ஒரு செட் பிளேட் (பின்பக்கம் குடையாத மெல்லிய தலையுள்ள அயர்ன் கிளப்) எடுத்துப் போகலாமா, ஜப்பானியக் கம்பெனிகளில் மியூராவா மிசுனோவா, அதெல்லாம் ப்ரோக்களுக்குத்தான் என்று கூட ஆடுபவர்கள் பயமுறுத்துகிறார்களே என்று கேட்டிருக்கிறார். நான் சில வருடங்களாக ஹியோகோ மாகாணத்தில் இருக்கிறேன், பையில் இருப்பதும் பிளேட்தான், ஹாண்டிகேப்பும் உங்களுடையதை விடப் பெரிதாக ஒன்றும் குறைவில்லை. அதனால் தைரியமாகச் சொல்கிறேன், வாங்குங்கள். ஆனால் 4 முதல் 7 வரை அயர்ன்கள் (எண் குறையக் குறைய நீளமான கிளப்) பிளேடாக வேண்டாம், புதிய செட் வேண்டாம், மியூராவா மிசுனோவா என்பதைக் கடைசியில் யோசித்தால் போதும்.

முதலில் இந்த ‘ஜப்பான் எஃகு வெண்ணெய் மாதிரி இருக்கும்’ கதையை முடித்துவிடுவோம். இங்கே பெரும்பாலும் பயன்படுத்துவது எஸ்20சி, எஸ்25சி என்கிற சாதாரண மென் எஃகு, கார்பன் ஏறக்குறைய 0.20, 0.25 சதவீதம், அவ்வளவுதான். இதையே மற்ற நாடுகளில் 1020, 1025 என்ற எண்ணில் விற்கிறார்கள். பந்து ஃபேஸில், அதாவது தலையின் அடிக்கும் முகத்தில், ஒட்டியிருப்பது ஒரு விநாடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம், கைக்குச் செய்தி வந்து சேர்வதற்குள் பந்து போய்விட்டிருக்கும். நாம் ‘சாஃப்ட்’ என்று சொல்வதில் பெரும்பங்கு காதில் விழும் சத்தம், அப்புறம் ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) வழியாக வரும் அதிர்வு. மிசுனோவே தலையின் அதிர்வெண்ணை ஆராய்ந்து சத்தத்தைச் சரிசெய்கிறோம் என்றுதான் விளம்பரப்படுத்துகிறது. சந்தேகம் இருந்தால் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ஒரு ஃபோர்ஜ்டு (அச்சில் அடித்து உருவாக்கிய) கேவிட்டியையும், அதாவது பின்பக்கம் குடைந்த தலையையும், ஒரு பிளேடையும் மாற்றி மாற்றி அடித்துப் பாருங்கள்.

அப்படியானால் ஜப்பானில் என்னதான் விசேஷம்? கடைசிக் கட்ட வேலை. சிவக்கக் காய்ச்சிய உருண்டைக் கம்பியை அச்சில் வைத்து அடித்து, ஓரத்தில் பிதுங்குவதை வெட்டி எடுத்த பிறகு கையில் கிடைப்பது ஒரு கரடுமுரடான தலை. அதை ஒரு ஆள் சாணைப் பட்டையில் பிடித்து, சோலின் (தலையின் அடிப்பகுதி) முன் விளிம்பு, பின் விளிம்பு, டோவின் (தலையின் வெளி முனை) வளைவு என்று தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவருகிறார். 7 அயர்ன் தலை 268 கிராமை ஒட்டி இருக்க வேண்டும், அடுத்தடுத்த தலைகளுக்கு நடுவே 7 கிராம் வித்தியாசம் வர வேண்டும், அதையும் கவனித்துக்கொண்டே வடிவத்தையும் காப்பாற்ற வேண்டும். இங்கே ஹிமேஜிக்கு வடக்கே இச்சிகாவா என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது, ஜப்பானின் முதல் உள்நாட்டு அயர்ன் தலைகள் 1930-ஐ ஒட்டி அங்கேதான் பிறந்தன என்று அந்த ஊர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். மியூரா இருப்பது ஹிமேஜியில். அவர்கள் தலையை ஹோசல் (ஷாஃப்ட் நுழையும் குழல்) இல்லாமல் அடித்து, ஹோசலைத் தனியே சுழற்றி உராய்வு வெப்பத்தில் ஒட்டுவார்கள். மிசுனோவின் தலைகள் ஹிரோஷிமாவில் ஒரே துண்டுக் கம்பியிலிருந்து ஹோசலோடு சேர்த்து அடிக்கப்படுபவை. எண்டோ என்ற இன்னொரு கம்பெனி இருப்பது நீகாத்தாவின் சுபமேயில், கரண்டி முள்கரண்டிக்குப் பேர்போன ஊர் அது. தன் எப்பான் அயர்ன்களோடு வேறு பல பிராண்டுகளுக்கும் தலை அடித்துக் கொடுத்த கம்பெனி. மூன்றுமே நல்ல வேலைதான். உங்கள் 14-ஐ 12 ஆக்கும் வித்தியாசம் எதுவும் இவற்றுக்கு நடுவில் இல்லை.

மென் எஃகின் உண்மையான லாபம் வேறு: வளைக்கலாம். லாஃப்டையும் (ஃபேஸின் சாய்வு) லையையும் (ஷாஃப்ட் தரையோடு செய்யும் கோணம்) ஒன்றிரண்டு டிகிரி இப்படி அப்படி மாற்றுவது மென் எஃகில் சுலபம், கடினமான வார்ப்புத் தலைகளில் அந்த வேலைக்குக் கடைக்காரர் தயங்குவார். கூடவே ஒரு எச்சரிக்கை, லாஃப்டை ஒரு டிகிரி குறைத்தால் பவுன்ஸும் (சோல் தரையில் புதையாமல் தடுக்கும் கோணம்) ஒரு டிகிரி போய்விடும். இன்னொன்று, பயிற்சிப் பாயில் அடித்து அடித்து மென் எஃகுத் தலை தானாகவே கொஞ்சம் நகர்ந்துவிடும், அதனால் பழைய செட் வாங்கினால் முதல் வேலை ஒவ்வொன்றையும் கருவியில் மாட்டி அளப்பது. 8 அயர்னும் 9 அயர்னும் ஒரே தூரம் போகிறதே என்று ஸ்விங்கைத் திட்டிக்கொண்டிருப்பவர்கள் பலருக்கு விஷயம் அங்கேதான் இருக்கும்.

லாஃப்ட் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பிளேட் வாங்கிய முதல் வாரத்தில் எல்லோருக்கும் மனசு உடைவது இதில்தான். மிசுனோ ப்ரோ 221 என்ற பிளேட் செட்டின் 7 அயர்ன் 34 டிகிரி. இப்போது வரும் தூர அயர்ன்களில் 7 என்று எண் போட்டிருப்பது 28, 29 டிகிரி. ஐந்தாறு டிகிரி வித்தியாசம் என்றால் ஒரு கிளப்பைத் தாண்டிய வித்தியாசம், பிளேட் ‘தூரம் போகவில்லை’ என்று சொல்பவர்கள் பாதிப்பேர் பழைய 7-இன் தூரத்தைப் புதிய 7-இல் தேடுகிறார்கள். எண்ணை மறந்துவிட்டு 150 கஜத்துக்கு எது போகிறதோ அதை எடுங்கள். பிட்சிங் வெட்ஜும் (9-க்கு அடுத்த குட்டை கிளப்) 46 டிகிரி இருப்பதால் அடுத்து 50 அல்லது 52 ஒன்று வைத்தால் இடைவெளி தீர்ந்தது, தூர அயர்ன் செட்டில் போல 43-க்கும் 52-க்கும் நடுவே பள்ளம் விழாது.

தண்டனை எங்கே என்றால், ஃபேஸில் கீழே பட்டால், டோவில் பட்டால். பிளேடில் எடை முழுவதும் சின்ன இடத்தில் குவிந்திருக்கிறது, ஈர்ப்பு மையமும் கேவிட்டியை விடக் கொஞ்சம் மேலே. டோவில் பட்டது ஒரு கிளப் தூரம் குறையும், சமயத்தில் அதற்கு மேலும். ஆனால் அது பெரும்பாலும் முன்னே பின்னே நடக்கும் விஷயம், கிரீனுக்கு முன்னால் விழுந்து அங்கிருந்து சிப் செய்ய வேண்டிவரும், அவ்வளவுதான். உங்கள் ஸ்கோரைக் கெடுப்பது ஓபி (எல்லைக்கு வெளியே) போகும் டிரைவராக இருந்தால் பிளேடைக் குற்றம் சொல்வதில் நியாயம் இல்லை. நீண்ட அயர்ன் வேறு கதை. 24 டிகிரி பிளேட் 4 அயர்னை உயரமாக எழுப்ப நல்ல வேகம் வேண்டும், நம்மிடம் அது இல்லை. அதனால் 8, 9, பிட்சிங் வெட்ஜ் பிளேடு, 5 முதல் 7 வரை அதே கம்பெனியின் கேவிட்டி, அதை விட நீளமானவற்றுக்கு ஹைபிரிட் (பந்தை எளிதாக எழுப்பும் கலப்பு கிளப்). மிசுனோவின் பிளேடான 221-ஐயும் கேவிட்டியான 223-ஐயும் இப்படிக் கலந்து வைப்பவர்கள் நிறைய, மேலிருந்து பார்த்தால் மாறியதே தெரியாது. 1997 மாஸ்டர்ஸில் டைகர் வுட்ஸ் கூட மிசுனோவின் இரண்டு மாடல்களைக் கலந்துதான் வைத்திருந்தார், 2 முதல் 4 வரை எம்பி-29, 5-இலிருந்து எம்பி-14. அவர் 12 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் ஜெயித்தார் என்பதை நம் கணக்கில் சேர்க்க முடியாது, ஆனால் கலப்பது ஒன்றும் கேவலம் இல்லை.

பழைய கடைகள். ஒசாகாவில் கோல்ஃப் பார்ட்னர், கோல்ஃப் டூ என்று சங்கிலிக் கடைகள் உண்டு, பல கிளைகளில் வலைக்குள் அடித்துப் பார்க்கவும் விடுவார்கள். 7 அயர்னை எடுத்து டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். குரோம் மங்கி, காசு அளவில் ஒரு சாம்பல் வட்டம் தெரியும், பழைய சொந்தக்காரர் எங்கே அடித்தார் என்பதன் ஜாதகம் அது. வட்டம் சின்னதாக, நடுவிலிருந்து ஒரு துளி ஹீல் (ஷாஃப்ட் இருக்கும் முனை) பக்கம் இருந்தால் அவர் நன்றாக ஆடியவர். பிளேடில் ஸ்வீட் ஸ்பாட் (பந்து பட வேண்டிய சரியான புள்ளி) ஃபேஸில் உள்ள பள்ளக் கோடுகளின் நட்டநடுவில் இல்லை, ஹோசலின் எடை காரணமாகச் சற்று ஹீல் பக்கம் தள்ளியிருக்கும். நன்றாக ஆடியவருடைய செட்டில் ஒரு சிக்கல், 9-உம் வெட்ஜும் பள்ளம் தேய்ந்திருக்கும், நகத்தை ஓட்டிப் பாருங்கள், நகம் நிற்கவில்லை என்றால் விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். குரோமில் சின்னச் சின்னக் குழிகள் இருந்தால் கவலையே படாதீர்கள், மென் எஃகு பையில் ஒன்றோடொன்று மோதினால் அப்படித்தான் ஆகும். ஆனால் முலாம் பூசாத ‘ரா’ தலைகளைச் சென்னைக் கடல் காற்றுக்குக் கொண்டுபோனால் துரு ஏறும். ஆட்டம் கெடாது, பார்க்கச் சகிக்கவில்லை என்றால் அவ்வப்போது எண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டியிருக்கும்.

மாடல் என்று கேட்டால் மிசுனோ ப்ரோ 120, வெளிநாடுகளில் எம்பி-20 என்று 2019-இல் வந்தது, அல்லது 221. அடுத்த மாடலான 241 வந்த பிறகு இவை இரண்டும் நியாயமான விலைக்கு இறங்கிவிட்டன. ஸ்ரிக்சன் இசட்-ஃபோர்ஜ்டும் நல்ல தேர்வு, ஜப்பான் வீரர் மத்சுயாமா 2021 மாஸ்டர்ஸ் ஜெயித்தது அதை வைத்துத்தான். மிசுனோவின் எம்பி-33 மாதிரி 2010-க்கு முந்தைய செட் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பள்ளங்களுக்கு 2010-இல் விதி மாறியது, நீங்கள் பெரிய போட்டி ஆடுபவர் என்றால் அந்தப் போட்டியின் விதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மியூராவைப் பணம் இருக்கிறது, ஆசை இருக்கிறது என்றால் வாங்குங்கள், வேறு காரணம் தேட வேண்டாம்.

தலையை இவ்வளவு பேசுகிறோம், ஷாஃப்டை யாரும் கேட்பதில்லை. ஜப்பானில் பழைய செட்களில் பாதிக்கு மேல் என்.எஸ். ப்ரோ 950ஜிஎச் மாட்டியிருப்பதாகத்தான் என் கண்ணுக்குத் தெரிகிறது, 95 கிராம் சுமார், லேசான ஸ்டீல். பிளேடோடு வருவது பெரும்பாலும் மோடஸ் 120 அல்லது டைனமிக் கோல்ட் எஸ்200, அவை சுமார் 115, 130 கிராம். பதினைந்தாவது ஹோலில் கை தளர்ந்த பிறகு அந்த இருபது முதல் முப்பத்தைந்து கிராம் தெரியும். 105 கிராம் அளவில் ஏதாவது கிடைத்தால் அதை எடுங்கள், தலை கொஞ்சம் கீறியிருந்தாலும் பரவாயில்லை.

கடைசியாக ஆடுவது. இங்கே ஃபேர்வேயில் இருப்பது பெரும்பாலும் ஜோய்சியா வகைப் புல், விறைப்பாக நிற்கும், பந்தை அது தூக்கிப் பிடித்துக்கொள்வதால் பிளேடால் வழித்து அடித்தாலும் போய்விடும். உங்கள் ஊர்ப் பெர்முடாவில், அதுவும் கோடையில் தரை காய்ந்து கிடக்கும்போது, பந்து தரையோடு ஒட்டி உட்காரும். அங்கே பிளேடின் மெல்லிய சோல் உங்களுக்குச் சாதகம், அகல சோல் தரையில் பட்டுத் துள்ளும் இடத்தில் இது உள்ளே நுழையும். மழைக்காலத்தில் அதே சோல் சேற்றில் குத்தும், அப்போது பந்தைக் கொஞ்சம் பின்னால் வைத்து முக்கால் ஸ்விங்கில் ஆடுங்கள்.

பாயில் மட்டும் பயிற்சி எடுத்து ஏமாறாதீர்கள். இங்கே ‘உச்சிப்பனாஷி’ என்று மாடி மாடியாகப் பயிற்சி மையம் இருக்கும், எல்லாம் பாய்தான், பந்துக்கு ஒரு அங்குலம் பின்னால் இடித்தாலும் கிளப் வழுக்கிக்கொண்டு பந்தில் போய்ப் படும், சத்தமும் ஜோராக வரும். பந்துக்குப் பின்னால் நாலு விரல் தள்ளி ஒரு துண்டை மடித்துப் போட்டு அடியுங்கள், துண்டு பறந்தால் அது புல்லில் குழி தோண்டியிருக்கும் அடி. லையைப் பார்க்க, பந்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, கோடு ஃபேஸைப் பார்த்து நேராக நிற்கும்படி வைத்து அடியுங்கள். ஃபேஸில் பதியும் கோடு பள்ளங்களுக்குச் செங்குத்தாக நின்றால் சரி. மேல்முனை டோ பக்கமோ ஹீல் பக்கமோ சாய்ந்திருந்தால் லை உங்களுக்குப் பொருந்தவில்லை. ஃபேஸை ஒரு போட்டோ எடுத்து, வளைக்கக் கொடுக்கும் கடைக்காரரிடம் காட்டுங்கள், எந்தப் பக்கம், எவ்வளவு என்பதை அவரே பார்த்துச் சொல்லிவிடுவார். இதை ஒசாகாவிலேயே முடித்துவிட்டுக் கிளம்பினால் நல்லது.