‘கேடிலாக் ரெக்கார்ட்ஸ்’ படத்தில் வருவதெல்லாம் உண்மையில் நடந்ததா?

பாதிதான் உண்மை. சிகாகோவின் ‘செஸ் ரெக்கார்ட்ஸ்’ என்ற இசைத்தட்டு கம்பெனியின் கதை அது. 1941-இல் மிசிசிப்பி பண்ணைக் குடிசையில் ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் பாட்டை நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் பதிவு செய்தது நிஜம். தன் குரலை முதன்முறை இசைத்தட்டில் கேட்டபோதுதான் மடிக்கு நம்பிக்கையே வந்தது. இரண்டே வருடத்தில் சிகாகோவுக்கு ரயிலேறிவிட்டார்.

ஆனால் கம்பெனி முதலாளி லெனர்ட் செஸ்ஸுக்கும் பாடகி எட்டா ஜேம்ஸுக்கும் காதல் என்பது திரைக்கதைக்காகச் சேர்த்தது. அதைக்கூட மன்னிக்கலாம். லெனர்டோடு சேர்ந்து கம்பெனியை நடத்திய தம்பி ஃபில் செஸ் 2008-இல் படம் வந்தபோது உயிரோடு இருந்தார், படத்திலோ அவர் வந்துபோவதே தெரியாது! அந்தக் கம்பெனியில் பாடிய போ டிட்லியோ படத்தில் கிடையவே கிடையாது. எனக்கு மனசு ஆறவில்லை. லெனர்ட் 1969 அக்டோபரில் காரோட்டும்போது மாரடைப்பில் இறந்தார். கம்பெனி அதற்குப் பல மாதம் முன்பே கைமாறியிருந்தது. படம் இரண்டையும் ஒட்டிவிடுகிறது.