அமெரிக்காவில் ஒரு சின்ன எபிஸ்கோபல் (அந்நாட்டு ஆங்கிலிக்கன்) சபை எப்படி தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் முழு ‘பாரிஷ்’ ஆகிறது? கட்டடம் கட்டினால் போதுமா?

போதாது. கட்டடமே இல்லாமல் வாடகைப் பள்ளி அரங்கில் ஆராதனை நடத்தும் பாரிஷும் இருக்கலாம், சொந்தக் கோயில் வைத்துக்கொண்டு மிஷனாகவே நிற்கும் சபையும் இருக்கலாம். செலவை யார் சுமக்கிறார், குருவை யார் தேர்ந்தெடுக்கிறார் என்பதில்தான் வித்தியாசம்.

முதலில் சில குடும்பங்கள் பேராயரின் அனுமதியோடு கூடுகின்றன. குரு கிடைக்காத ஞாயிறுகளில் உரிமம் பெற்ற, குருப்பட்டம் இல்லாத சபையார் ஒருவர் (பழைய பெயர் ‘லே ரீடர்’) ஜெபப் புத்தகத்தின்படி காலை ஜெபம் நடத்தலாம். திருவிருந்துக்குக் குரு வந்தே ஆகவேண்டும். குருவுக்கு அடுத்த நிலையில் இருக்கும் டீக்கனால்கூட அப்பத்தையும் ரசத்தையும் பிரதிஷ்டை செய்ய முடியாது. இந்தக் கட்டத்தில் சபை ‘மிஷன்’. அதன் குருவுக்கு ‘விகார்’ என்று பெயர்; அவரைப் பேராயர் நியமிப்பார், செலவில் ஒரு பங்கை மறைமாவட்டம் கொடுக்கும்.

சொந்தக் காலில் நிற்கும் நிலை வந்ததும், ஆண்டுதோறும் கூடும் மறைமாவட்ட மாநாட்டில் பாரிஷாகச் சேர விண்ணப்பிக்கலாம். எத்தனை உறுப்பினர், எவ்வளவு வருமானம் என்ற வரம்பு ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் வேறுபடும். சேர்ந்தபின் சபையார் ‘வெஸ்ட்ரி’ என்ற நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள், வெஸ்ட்ரி பாரிஷின் தலைமைக் குருவான ரெக்டரை அழைக்கும். சி.எஸ்.ஐ. சபையாருக்கு இது வியப்பாக இருக்கும்: அங்கே பேராயர் நினைத்தபடி ரெக்டரை மாற்றல் செய்ய முடியாது. வெஸ்ட்ரியின் முக்கியப் பொறுப்பாளர்களான வார்டன்கள் இருவர், கூரை ஒழுகினால் பொதுவாக ஜூனியர் வார்டனைத்தான் தேடுவார்கள்.

பெரும்பாலும் சறுக்குவது பட்ஜெட்டில். முழுநேரக் குரு என்றால் சம்பளம் மட்டுமல்ல. வீட்டுச் செலவும் சேர்ந்த மொத்தத்தில் 18 சதவீதம் ஓய்வூதிய நிதிக்குப் போகும். மருத்துவக் காப்பீடும் மறைமாவட்டத்துக்குக் கட்டவேண்டிய பங்கும் தனி. வருமானம் பெரும்பாலும் குடும்பங்கள் ஆண்டுக்கு எழுதித்தரும் காணிக்கை வாக்குறுதிதான். அதில் பாதி இரண்டு மூன்று வீடுகளிலிருந்து வந்தால், ஒரு குடும்பம் ஊர் மாறியதும் கணக்கு கவிழும். அதனால், என் கருத்தில், அரைநேரக் குருவோடு சில ஆண்டுகள் ஓட்டுவதே நல்லது. அதற்குமுன் கடன் வாங்கிக் கோயில் கட்டுவது வீண் அவசரம். சொத்தை அடமானம் வைக்கப் பேராயரின் ஒப்புதலும் மறைமாவட்ட நிலைக்குழுவின் ஒப்புதலும் வேண்டும். 1979 முதல் திருச்சபையின் சட்டமும் தெளிவு: பாரிஷின் சொத்து திருச்சபைக்காகவும் மறைமாவட்டத்துக்காகவும் பாரிஷ் பொறுப்பில் வைத்திருக்கும் சொத்து, அந்தச் சட்டப்படி பிரிந்து போனால் எடுத்துப் போக முடியாது.

கட்டுவதானால் சிறிதாகக் கட்டலாம். நியூயார்க் டிரினிட்டி ஆலயத்தை வடிவமைத்த ரிச்சர்ட் அப்ஜான், ஏழைச் சபைகளுக்கென மரக்கோயில் வரைபடங்களை 1852இல் வெளியிட்டார். செங்குத்தாக நிறுத்திய பலகை, இடுக்குகளை மூடும் மெல்லிய பட்டை, செங்குத்துக் கூரை: ஊர்த் தச்சரே கட்டிவிடலாம்.

நிபந்தனை பேசிச் சேர்ந்ததற்குப் பழைய உதாரணம் பிலடெல்பியாவின் புனித தோமா ஆப்பிரிக்க எபிஸ்கோபல் ஆலயம். அப்சலோம் ஜோன்ஸ் தலைமையில் அங்கிருந்த கறுப்பின மக்கள் 1792இல் தொடங்கிய சபை அது. கட்டடம் 1794இல் திறக்கப்பட்டது. தங்களை ஓர் அமைப்பாகவே ஏற்கவேண்டும், உள்விவகாரம் தங்கள் கையில் இருக்கவேண்டும், ஜோன்ஸை லே ரீடராக்கி, தகுதி கண்டால் குருவாக்கவேண்டும் என்று கேட்டார்கள். அதே ஆண்டு மறைமாவட்டம் ஏற்றது. 1795இல் ஜோன்ஸ் டீக்கன் ஆனார். ஆனால் கிரேக்க, லத்தீன் தேர்ச்சியிலிருந்து அவருக்கு விலக்குத் தந்ததைச் சாக்காக வைத்து, மாநாட்டில் அந்தப் பாரிஷுக்கு இடம் மறுத்தார்கள். அந்த இடம் கிடைக்க 1860கள் வரை ஆனது.